டர்போ மேல் விழுந்த பழி

பழைய டர்போ டீசல் கார் ஆயில் குடிக்கிறது என்று எந்த ஒர்க்‌ஷாப் வாசலிலாவது சொல்லிப் பாருங்கள். பானெட்டைத் தூக்குமுன்பே தீர்ப்பு வந்துவிடும்: "டர்போ போச்சுங்க சார்." கோவையில் நான் ஏறி இறங்கிய பட்டறைகள் எல்லாவற்றிலும் இதே பாட்டுத்தான். புதுசு போடுவதா, இருப்பதையே ரீகண்டிஷன் செய்வதா என்பதில் மட்டும் ஆளுக்கொரு கருத்து. எவ்வளவு ஆயில் குறைகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு அதுதான் முதல் கேள்வி. "அடிக்கடி ஊத்த வேண்டியிருக்கு" என்று சொல்வதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, குச்சியைத் துடைத்துச் செருகிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். வாசல் சரிவில் ஒருநாள், பெட்ரோல் பங்க்கில் ஒருநாள் என்று பார்த்தால் ஆயிலும் ஏறி இறங்கும், நம் ரத்த அழுத்தமும் கூடவே ஏறி இறங்கும். மேல் கோடு வரை ஊற்றி ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, 1,000 கி.மீ. ஓடியபின் அளவுக் குவளையால் மறுபடி அதே கோட்டுக்குக் கொண்டுவந்தால் எவ்வளவு போயிற்று என்பது மில்லி சுத்தமாகத் தெரிந்துவிடும். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று சில ஜெர்மன் கார்களின் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதில் வாரண்டி கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பும் சாமர்த்தியமும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டு லட்சம் கி.மீ. தாண்டிய என் வண்டி அந்த அரை லிட்டரையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

போகிற ஆயில் ஒன்று வெளியே ஒழுக வேண்டும், இல்லையேல் உள்ளே எரிய வேண்டும். ஒழுகலைப் பிடிக்க ராத்திரி வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைப்பார்கள். அது பாதி சோதனைதான். ஓடும்போது அழுத்தத்தில் மட்டும் கசியும் ஆயில், காற்றில் பின்னுக்கு அடித்துக்கொண்டு போய் அடித்தட்டில் புழுதியோடு ஒட்டிக்கொள்ளும். நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டும் விழாது. லிஃப்டில் ஏற்றி, அடியைக் கழுவி, கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தால்தான் உண்மை தெரியும். என் வண்டியின் அடி காய்ந்தே இருந்தது.

அப்படியானால் எரிகிறது. ஆயில் எரிந்தால் நீலப்புகை, டீசல் அரைகுறையாக எரிந்தால் கரும்புகை. கொஞ்சமாக வரும் நீலத்தைப் பகல் வெளிச்சத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். இரவில் பின்னால் வருகிற வண்டியின் ஹெட்லைட்டில் நன்றாகத் தெரியும். மலையிறங்கிப் பார்க்கச் சொல்லும் ஒரு பழைய வைத்தியமும் உண்டு. ஆழியாறு பக்கம் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் கியரிலேயே இறங்கிவிட்டு, கீழே வந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் நீலமாகக் கக்கினால் வால்வு கைடும் சீலும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். பெட்ரோல் வண்டிக்கு அது சரி. அதில் த்ராட்டில் மூடியிருக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, வால்வுத் தண்டு வழியாக ஆயிலை உறிஞ்சும். பழைய டீசல்களில் பெரும்பாலும் அந்த த்ராட்டிலே கிடையாது. மலையிறங்கிப் பார்ப்பதால் அவ்வளவாக ஒன்றும் தெரியப்போவதில்லை. கம்ப்ரஷன் சோதனையில் ஸ்பூன் ஆயில் ஊற்றி, அளவு ஏறினால் ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டுவதும் பெட்ரோல் எஞ்சினுக்குச் சொன்னது. டீசலில் எரியும் இடம் அத்தனை சிறியது. ஊற்றிய ஆயிலே இடத்தை அடைத்துக்கொண்டு அளவை ஏற்றிக் காட்டும். இந்த வித்தியாசத்தை எந்தப் பட்டறையிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இனி டர்போவுக்கு வருவோம். வெளியே போகிற புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, உள்ளே வரும் காற்றை அழுத்தித் தள்ளலாம் என்ற யோசனைக்கு ஆல்ஃபிரட் பூகி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர் 1905-ல் காப்புரிமை பெற்றார். சின்னக் கார்களின் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுற்றும். அந்த வேகத்தில் அதன் தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றுகிறது. எஞ்சினிலிருந்து அழுத்தத்தோடு வருகிற ஆயில், வேலை முடிந்ததும் ஒரு தடித்த குழாய் வழியாகத் தானாகவே வழிந்து கீழே எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்புக்குப் போக வேண்டும். தள்ளிவிட அங்கே பம்ப் எதுவும் கிடையாது, புவியீர்ப்புதான். தண்டின் இரு முனையிலும் இருப்பவை ரப்பர் சீல்கள் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய இரும்பு வளையங்கள். கீழே வழி திறந்திருக்கும் வரைதான் அவற்றால் ஆயிலைத் தடுத்து நிறுத்த முடியும்.

அந்த வழியை அடைப்பது பெரும்பாலும் டர்போ அல்ல. எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி அடியில் இறங்கும். பட்டறைப் பேச்சில் பேக் கம்ப்ரஷன். நல்ல எஞ்சினிலும் அது கொஞ்சம் உண்டு. பிரீதர் குழாய் வழியாக அதை வெளியே எடுத்து, கூடவே வரும் ஆயில் துளிகளைப் பிரித்துவிட்டு, மறுபடி டர்போவுக்கு முன்னாலேயே விடுவார்கள். அந்தக் குழாயில் கசடு அடைத்துக்கொண்டால் சம்ப்பில் அழுத்தம் ஏறும். டர்போவிலிருந்து இறங்க வேண்டிய ஆயில் இறங்காமல் பக்கவாட்டில் பிதுங்கி, காற்றோடு எஞ்சினுக்குள் போய் எரியும். அப்போது புது டர்போவை மாட்டினாலும் அதுவும் கக்கும்.

ஒரு மெக்கானிக் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்து, ஆயில் மினுங்கிய விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார், சாட்சி காட்டுகிற மாதிரி. பிரீதர் விடும் ஆவியால் எல்லா டர்போ வண்டியிலும் அந்த அளவு மினுமினுப்பு இருக்கும். குளம் கட்டி நின்றால்தான் கவலை. டர்போ தண்டையும் ஆட்டிப் பார்த்தோம். பக்கவாட்டில் லேசாக ஆடியது. ஆயிலில் மிதக்கிற தண்டு அப்படித்தான் ஆடும். முன்னும் பின்னும் அசையவில்லை, இறக்கை எங்கும் உரசிய தடமும் இல்லை. "இருந்தாலும் மாத்திடலாங்க சார்" என்றார்.

வீட்டில் கொரோனாக் காலத்து ரப்பர் கையுறைகள் மீதி இருந்தன. எஞ்சினை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் ஒன்றை இழுத்து மாட்டினேன். நல்ல எஞ்சினில் அது துவண்டு கிடக்கும், அல்லது லேசாகத் துடிக்கும். இதில் மெல்லப் பருத்து, ஐந்து விரலும் விறைத்து நின்றது. எதிர்வீட்டுப் பையன் கை தட்டினான்.

பிரீதர் குழாயைக் கழற்றினால் உள்ளே கருப்பு அல்வா. குழாயை மாற்றி, ஆயில் பிரிக்கும் பெட்டியையும் டீசலில் ஊறவைத்துக் கழுவிய பிறகு கையுறை துவண்டது. அடுத்த 1,000 கி.மீ.க் கணக்கு பாதிக்கும் கீழே வந்தது.

டர்போ எப்போதும் குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை. நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து டீக்கடை வாசலில் உடனே சாவியைத் திருப்பி அணைத்தால், சூட்டில் நின்றுபோன ஆயில் கரியாகித் தாங்கியைத் தின்றுவிடும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். நிஜமாகவே உடைந்த டர்போ எஞ்சினுக்குள் ஆயிலைக் கொட்டினால் டீசல் வண்டி அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தறிகெட்டு அலறும். சாவியை எடுத்தாலும் நிற்காது. மேனுவல் வண்டியானால் டாப் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டு மூச்சை நிறுத்த வேண்டும். அந்தப் பயம் இருப்பதால் தண்டை ஆட்டிப் பார்ப்பதை நான் கைவிடவில்லை.

மிச்சம் குறைகிற ஆயில் எங்கே போகிறது? ஒருவேளை வால்வு சீல். ஒருவேளை கரி பிடித்து இறுகிப்போன ஆயில் ரிங். மேல் ரிங் நன்றாக இருந்தால் கம்ப்ரஷன் சரியாகவே காட்டும், ஆயில் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். தெரிந்துகொள்ள எஞ்சினைப் பிரிக்க வேண்டும். பிரிக்கிற காசுக்குப் பல வருடம் ஆயில் ஊற்றலாம். 20 டபிள்யூ 50 கெட்டி ஆயில் போட்டால் குறைவது தெரியாது என்றும் ஒருவர் யோசனை சொன்னார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அந்தக் கெட்டி ஆயில் டர்போவுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். வண்டியை விற்கப் போகிறவருக்கு வேண்டுமானால் அது நல்ல யோசனை.

என் மச்சானுக்கு இந்த வண்டி மேல் ஒரு கண். போன வாரம் விலை கேட்டார். கணக்கு நோட்டையும் டிக்கியில் கிடக்கும் ஆயில் கேனையும் காட்டினேன். நோட்டைப் புரட்டக்கூட இல்லை. "டர்போ போயிருக்கும் மாமா, அதுக்குக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றார்.