பின்வரிசைக்கு ஒரு பாட்டு

பித்தளை வாத்தியங்கள் எல்லாம் கூட்டத்தோடு ஊதுவதற்கென்றே பிறந்தவை என்று ஓர் எண்ணம் நமக்கு உண்டு. வட இங்கிலாந்து பிராஸ் பேண்டுகளின் ஒலிப்பதிவுகளில் மனம் போன பிறகுதான் அது எனக்குக் கலைந்தது. சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வளர்த்த குழுக்கள் அவை. பித்தளை வாசிப்பவர்கள் மட்டும் ஏறக்குறைய 25 பேர். அவர்களில் ஒருவர் எழுந்து முன்னால் வந்து தனியாக வாசிப்பதற்கென்றே உருப்படிகள் ஏராளமாக இருக்கின்றன.

அதிக அதிர்ஷ்டசாலி, ட்ரம்பெட் போன்ற கார்னெட்டை ஊதுபவர். பிரெஞ்சுக்காரரான ழான் பாப்திஸ்த் ஆர்பன் 1864இல் வெளியிட்ட பயிற்சி நூலை இன்றும் மாணவர்கள் புரட்டுகிறார்கள். அவர் எழுதிய ‘வெனிஸ் திருவிழா’ மாறுபாடுகளைத் தொடாத கார்னெட் வித்வான் அபூர்வம். ஊரறிந்த எளிய மெட்டு முதலில் நேராக வரும்; பிறகு சுற்றுக்குச் சுற்று வேகம் ஏறும். நம் நாகஸ்வரக்காரர் துத்துக்காரம் போடுவதுபோல நாக்கு ஸ்வரங்களை மூன்று மூன்றாக வெட்டித் தள்ளும். கடைசியில் கீழே மெட்டு, மேலே அலங்காரம் என்று மாறி மாறித் தாவும்போது, வாசிப்பது ஒருவரா இருவரா என்று சந்தேகம் வந்துவிடும். கை தட்டாமல் இருக்க முடியாது. ஆனாலும் அடுத்தடுத்துக் கேட்டால், அதில் சாமர்த்தியம்தான் காதில் நிற்கிறது. பாட்டு எங்கோ பின்தங்கிவிடுகிறது.

அதே வட்டாரத்தில் மெதுவான மெட்டுகளுக்கென்றே போட்டிகள் நடத்துகிறார்கள். இளையவர்கள் நிறையப் பேர் கலந்துகொள்வார்கள். விரல் வேகத்துக்கு அங்கே வேலையில்லை. ஊதுவாயில் உதடு அதிர்ந்துதான் பித்தளையில் ஒலி பிறக்கிறது. உதடு ஒரு நொடி தயங்கினாலும் ஸ்வரம் உடைந்துதான் வெளியே வரும். வேகமான ஓட்டத்தில் அது யாருக்கும் தெரியாமல் போய்விடலாம். மெதுவான மெட்டில் தப்பவே முடியாது. நல்ல பதிவுகளில், ஸ்வரத்துக்கு முன் வாசிப்பவர் மூச்சை இழுக்கும் சிறு சத்தம்கூடக் கேட்கும். அந்த ஒரு மூச்சை எதுவரை நீட்டுவது, எங்கே விட்டு எங்கே வாங்குவது என்பதில்தான் ஞானம் இருக்கிறது.

1996இல் வந்த ‘பிராஸ்டு ஆஃப்’ படத்தில் கிரைம்தோர்ப் சுரங்க பேண்ட் வாசித்திருக்கிறது. இசையமைப்பாளர் ரோத்ரிகோ 1939இல் கிட்டாருக்காக எழுதிய அரன்ஹுயெஸ் கான்செர்ட்டோவின் மெதுவான பகுதி அதில் ஃப்ளூகல்ஹார்ன் என்ற பித்தளை வாத்தியத்தில் வருகிறது. கிட்டாரில் தந்தியை மீட்டிய கணத்திலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும். ஃப்ளூகல்ஹார்னிலோ ஸ்வரம் பிறந்த பிறகு வளர்கிறது, வீங்குகிறது, மெல்லத் தணிகிறது. இரவல் வாங்கிய மெட்டுதான். ஆனால் இந்த வளர்ச்சி கிட்டாரில் கிடையாது.

டியூபாவுக்கு நியாயம் கிடைக்கத்தான் வெகுகாலம் ஆயிற்று. 1835இல் பெர்லினில் காப்புரிமை பெற்ற வாத்தியம் அது. அடித்தளம் போடுவதும், யானை நடைக்கும் கோமாளிக்கும் சத்தம் கொடுப்பதுமே அதன் பிழைப்பாக இருந்தது. 1954இல் லண்டன் சிம்பனி இசைக்குழுவின் பொன்விழாவுக்கு, 81 வயது இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் டியூபாவுக்கென்று ஒரு கான்செர்ட்டோ எழுதிக் கொடுத்தார். குழுவின் பின்வரிசையில் ஊதிக்கொண்டிருந்த பிலிப் கேட்டலினட்தான் முன்னால் வந்து வாசித்தார். நடுப்பகுதியின் பெயர் ‘ரொமான்ஸா’. காதல் பாட்டு பாடவும் அந்தக் கனத்த குழாய்க்குத் தெரியும் என்பதைக் கேட்டுப்பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

டியூபாவின் தம்பி போன்ற யூஃபோனியத்துக்கும் ஜோசப் ஹோரோவிட்ஸ் 1972இல் ஒரு கான்செர்ட்டோ எழுதினார். அந்த வாத்தியத்தைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு முதலில் எதைக் கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், அதன் மெதுவான நடுப்பகுதியைத்தான் கேட்கக் கொடுப்பேன். வேகத்தைச் சொல்லிக்கொடுக்க வாத்தியார்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேகமாக ஊதி எதைச் சொல்லப்போகிறோம் என்று அதற்கு முன்பே ஒரு யோசனை இருந்தால் நல்லது.