மீட்டர் கணக்கில் ஒரு விருந்து

பெரு நாட்டின் லிமா நகரில் உள்ள 'சென்ட்ரல்' உணவகத்தில், பதார்த்தங்கள் விளைந்த உயரம் மீட்டர் கணக்கில் சொல்லப்படுகிறது. பசிபிக் கடலடியில் ஆரம்பித்து, 4,000 மீட்டருக்கு மேலே மலை ஏரிகளில் சின்னஞ்சிறு உருண்டைகளாகத் திரளும் குஷுரோ என்ற நீலப்பச்சைப் பாசி வரை தட்டுத் தட்டாக வரும். விர்ஹிலியோ மார்த்தினெஸ், பியா லியோன் தம்பதியின் இந்த உணவகத்தை 2023இல் உலகத்திலேயே முதலாவது என்று ஒரு பட்டியல் அறிவித்தது. சாப்பாட்டுக்கு ரேங்க் போடுகிறவர்களிடம் எனக்கு மரியாதை குறைவு. ஆனால் அந்த மீட்டர் கணக்கைச் சும்மா விட மனமில்லை. அதைத்தான் பெரிய புதுமை என்கிறார்கள். அடுக்கடுக்கான உயரங்களிலிருந்து உண்பது ஆண்டீஸ் மலையின் மிகப் பழைய பழக்கம். இங்கே புதிது, மலையேறாதவன் அத்தனை உயரத்தையும் ஒரே வேளையில் தின்றுவிட்டு எழுந்துபோவது மட்டும்தான்.

1562இல் இன்யிகோ ஒர்த்திஸ் என்ற ஸ்பானிய அதிகாரி வானுக்கோ மலைப்பகுதியில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். வீட்டில் எத்தனை பேர், என்ன விளைகிறது, முன்பு இன்காவுக்கு என்ன செலுத்தினீர்கள் என்ற வகைக் கேள்விகள். வரி வசூலிக்க எழுதிய ஏடு; அதில் யாரும் ருசி தேடமாட்டார்கள். நானூறு ஆண்டு கழித்து அதை ஊன்றிப் படித்தவர் ஜான் முர்ரா. ஒடெஸ்ஸாவில் பிறந்து, ருமேனியாவில் வளர்ந்து, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட மானிடவியலாளர். இப்படிப்பட்டவர் கையில் அகப்பட்டால்தான் வரிக் கணக்கும் வாய் திறக்கும் போலிருக்கிறது. 1972இல் வெளியான கட்டுரையில் அவர் காட்டிய சித்திரம் இது: வானுக்கோவின் சுபாய்ச்சு மக்களின் ஊர்கள் நடு உயரத்தில் இருந்தன, அங்கே கிழங்கும் மக்காச்சோளமும். மூன்று நாள் நடையில் மேலே போனால் மேய்ச்சலும் உப்பும். சில நாள் கீழே இறங்கினால் பருத்தி, மிளகாய், கோக்கா இலை. இவற்றை அவர்கள் சந்தையில் வாங்கவில்லை. தங்கள் குடும்பங்களில் சிலவற்றையே அந்தந்த உயரத்தில் குடியமர்த்தினார்கள். உப்பெடுக்கப் போனவனுக்குச் சொந்த ஊரில் இருந்த பாத்தியதை போய்விடவில்லை. ஒரு உயரத்தில் உறைபனி பயிரைக் கருக்கினால் இன்னொன்று சோறு போடும். பசிக்குப் பயந்து போட்ட ஏற்பாடு இது.

அதெல்லாம் பிழைப்பு, சென்ட்ரலில் நடப்பது வெறும் பகட்டு. மண்ணைத் தின்னக் கொடுப்பதும் கிழங்கைக் கல்லாக்கிப் பரிமாறுவதும் வித்தைதானே என்று கேட்கலாம். கேட்கிறவர் ஆண்டீஸ் குடியானவரை அறியாதவர். மலையின் கசப்புக் கிழங்குகளில் நச்சுப்பொருள் உண்டு. களிமண் குழம்பில் தோய்த்துத் தின்றால் மண் அதைப் பிடித்துக்கொள்கிறது. இரவின் உறைபனியில் போட்டு, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்த கிழங்குதான் சூன்யோ. ஆண்டுக் கணக்கில் கெடாது. ஆய்வுக்கூட வேலை போலத் தெரிபவை பெரும்பாலும் கிராமத்து வேலைகள். தவிர, லிமா கடலோரப் பாலைவன நகரம். மலைச் சாப்பாட்டை நெடுங்காலம் ஏளனமாகப் பார்த்த ஊர். அங்கேயே குஷுரோவை மேசையின் நடுவில் வைப்பது பகட்டென்றால், அவசியமான பகட்டு.

இன்னொரு ஆட்சேபத்துக்கு இவ்வளவு லேசாகப் பதில் சொல்ல முடியாது. பழைய ஏற்பாட்டில் உப்பெடுத்தவனும் கிழங்கு தின்றான், கிழங்கு போட்டவனும் உப்பு தின்றான். உணவகத்தில் எல்லா உயரமும் ஒரே திசையில் இறங்கி, காசுள்ளவன் தட்டில் முடிகிறது. குஷுரோ அள்ளியவருக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது. விலைக்கு வாங்கிவிட்டோமே என்பது பதிலாகாது. விலை கொடுப்பதோடு உறவு தீர்ந்துவிடும், முர்ரா காட்டிய ஏற்பாட்டில் அது தீரவே தீராது. இதை மார்த்தினெஸும் உணர்ந்திருக்க வேண்டும். 2018இல் குஸ்கோவுக்கு அருகே, மொராய் வட்டப் படிக்கட்டு வயல்களை ஒட்டி, 3,500 மீட்டருக்கு மேல் 'மில்' என்ற உணவகத்தைத் திறந்தார். அக்கம்பக்கத்து ஊராரோடு சேர்ந்து பயிரிட்டு, விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சுபாய்ச்சுக்களின் பாத்தியதைக்கு இது ஈடாகாது. சாப்பிட வருபவர் இன்னமும் வெளியூர்க்காரர்தான். இருந்தாலும் மலை கீழே இறங்காமல் அவரை மேலே வரவழைக்கிறது. அந்த உயரத்தில் மூச்சு வாங்குவதற்குத் தனிக் கட்டணம் இல்லை.