பக்கத்தின் மேல் ஒரு தேதி

பொது இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று கேட்டுப் பாருங்கள். நம் தோழர்கள் பலரும் யோசிக்காமல் 3(1)(எக்ஸ்) என்பார்கள். ரோமன் எண்ணில் பத்து அது. பேச்சுவழக்கில் எக்ஸ் ஆகிவிட்டது. 2016 ஜனவரி 26 முதல் அந்த எண்ணில் அந்தக் குற்றம் இல்லை. 2015 திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிறர் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 3(1)(ஆர்) ஆனது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்) என்று தனிப் பிரிவானது. இணையத்தில் தேடினால் இன்றும் பழைய எண் வருகிறது. யாரோ எப்போதோ நல்ல எண்ணத்தில் எழுதி வைத்த பக்கம் அது.

மனுவில் பிரிவு எண் தவறாக இருந்தால் மனு செல்லாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னால் போதும், பிரிவு போடுவது காவல்துறையின் வேலை. ஆனால் காவல் நிலையத்தின் வாசலில் நிற்பவருக்கு இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 'சட்டமே தெரியாம வந்துட்டீங்க, போயி சரியா எழுதிட்டு வாங்க' என்று திருப்பி அனுப்ப ஒரு சாக்கு போதும். அந்தச் சாக்கை நம் பக்கமே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

நாங்கள் மூன்று பேர் ஒரு சின்ன இணையதளத்தை நடத்தி வருகிறோம். முப்பது பக்கத்தைத் தாண்டாது. புகார் கொடுப்பது எப்படி, நிவாரணம் எவ்வளவு, கல்வி உதவித்தொகைக்கு என்ன சான்றிதழ் வேண்டும், இவ்வளவுதான் அதில். அதைப் புதிதாக வைத்திருப்பது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சாவு வீட்டைச் சொல்ல வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி இறந்தவரின் வீடு. உடலை வாங்குவதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிட்டது. இறந்தவரின் மைத்துனர், கல்லூரியில் படிக்கிற தம்பி, கைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, 'பத்து லட்சம் தரணும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு' என்று தைரியமாக வாதாடிக்கொண்டிருந்தான். எதிரில் இருந்தவர்களும் முகம் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்கள். 2014 மார்ச்சில் வந்த தீர்ப்பில் அது பத்து லட்சம்தான். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை முப்பது லட்சமாக உயர்த்திவிட்டது. நான் அதைச் சொன்னபோது அந்தத் தம்பி கைபேசியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தான். அந்தப் பக்கத்தில் பொய் ஏதும் இல்லை. எழுதியவருக்கு எழுதிய நாளில் அது உண்மை. எந்த நாளில் எழுதினார் என்பதுதான் அதில் இல்லை.

அதனால் எங்கள் தளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் 'கடைசியாகச் சரிபார்த்த நாள்' என்று ஒரு வரி இருக்கும். எழுதிய நாள் வேறு, சரிபார்த்த நாள் வேறு. ஒன்றும் மாறவில்லை என்றாலும் படித்துப் பார்த்துத் தேதியை மாற்றுவோம். சலிப்பான வேலைதான். போஸ்டர் வடிவமைக்க வருகிற உற்சாகம் இதற்கு வராது. ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் அண்ணல் படத்தை முகப்பில் மாற்றிவிட்டுத் தளம் புதுசாக இருக்கிறது என்று நினைக்கிற அமைப்புகள் உண்டு. படத்துக்குக் கீழே இருக்கிற உதவி எண்ணை அழைத்துப் பார்த்தால் மணியே அடிக்காது. (வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566. இதையும் அழைத்துப் பார்த்துவிட்டே போடுங்கள்.)

புதுப்பிப்பது என்றால் பழையதை அழிப்பது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. சட்டப் பக்கங்களில் அப்படிச் செய்யவே கூடாது. குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டப்படிதான் தண்டனை. 2015இல் நடந்த சம்பவத்தின் வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் இருந்தால் அங்கே 3(1)(எக்ஸ்) உயிரோடுதான் இருக்கிறது. 2024 ஜூலை 1க்குப் பிறகு இது இரட்டிப்பானது. நம் ஊர் முதல் தகவல் அறிக்கைகளில் மனப்பாடமாக வரும் 294(பி), 323, 506 எல்லாம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351. ஆனால் ஜூன் 30 இரவு நடந்த அடிதடிக்குப் பழைய எண்தான். ஆகவே பழைய பக்கத்தை வைத்துக்கொண்டு, அது எந்த நாள் வரை நடந்த சம்பவங்களுக்குப் பொருந்தும் என்று தலையில் எழுதிவிட்டோம்.

வழக்குகளைப் பற்றிய பக்கங்கள் இன்னும் கடினம். வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. அந்த வாரம் எழுதாதவர் இல்லை. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றம் சாட்டியது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. 2022இல் நின்றுபோன ஒரு பக்கத்தைப் படிக்கிற மாணவிக்கு இதில் எதுவும் தெரியாது. பத்திரிகைகளுக்குச் சம்பவத்து அன்றுதான் செய்தி. அதற்குப் பின்னால் வாய்தா வாய்தாவாக நடப்பதை எழுதி வைக்க நம்மைத் தவிர ஆள் இல்லை. வழக்கின் சிஎன்ஆர் எண் கையில் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த வாய்தா தேதியைப் பார்த்துவிடலாம். பத்து நிமிட வேலை.

எடுத்துவிட வேண்டியதும் உண்டு. ஒரு பெண் என்னிடம் கேட்டார்: 'அண்ணே, அந்தப் போராட்டப் படத்துல நான் அழுதுட்டு இருக்கேன். வேலைக்குப் போற இடத்துல என் பேரைத் தேடினா அதுதான் வருது.' அன்று மாலையே எடுத்துவிட்டோம். எங்களில் ஒரு தோழர் 'அது வரலாற்று ஆவணம்' என்றார். ஆவணம்தான், ஆனால் முகம் அவருடையது. படம் இப்போது எங்கள் வன்தட்டில் இருக்கிறது, தளத்தில் இல்லை.

மற்றபடி சின்னச் சின்னத் தொல்லைகள். கடவுச்சொல் ஒரே தோழரிடம் இருக்கும், அவர் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விடுவார். தளத்தின் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் அந்தப் பெயரை யாரும் வாங்கிவிடலாம். சூதாட்ட விளம்பரம் ஓடுகிற பழைய இயக்கத் தளங்களை நானே பார்த்திருக்கிறேன். அரசாணையைப் படமாகப் போடாதீர்கள், தட்டச்சு செய்து போடுங்கள். படத்துக்குள் இருக்கிற எழுத்து தேடலில் சிக்குவது அரிது.

மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு உட்கார்ந்து முப்பது பக்கத்தையும் சரிபார்க்கிறோம். அடுத்தது உதவித்தொகைப் பக்கங்கள். கல்லூரி திறப்பதற்குள் முடிக்க வேண்டும். சட்டம் படிக்கிற தம்பி தங்கைகள் இரண்டு பேர் வந்தால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். மடிக்கணினி வேண்டாம், இரண்டு இருக்கிறது. சாப்பாடு எங்கள் பொறுப்பு.