பழைய நாதம்

புதுக்கடையில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் ஐந்து மின்கிதார்கள் செய்து முடித்தோம். ஆறாவது செய்வதற்கில்லை. மரம் தீர்ந்துவிட்டது. குறைந்த பிரதிகள் போதும் என்று சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் கொள்கை பேசுவதுண்டு. காகிதம் வாங்கப் பணமில்லை என்பதுதான் பல சமயங்களில் அந்தக் கொள்கைக்குப் பின்னால் இருந்த விஷயம். இதுவும் அப்படித்தான்.

ஆரம்பித்து வைத்தவன் என் தங்கை மகன். பெங்களூரில் உத்தியோகம், ஓய்வு நாட்களில் கிதார். “பழைய டோன் வேணும் மாமா, ஆனா கைக்குப் புதுசு மாதிரி ஓடணும்” என்றான். பழையது என்று அவன் சொன்னதற்கு வருஷமும் வைத்திருந்தான்: 1954. அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் கம்பெனி ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற கிதாரை வெளியிட்ட ஆண்டு. உலகம் முழுவதும் கிதார்க்காரர்கள் அந்த வருஷத்தை ஒரு புண்ணிய காலம் போலச் சொல்கிறார்கள்.

புதுக்கடைக்காரனுக்கு 1954 என்றால் வேறு. அந்த ஆகஸ்ட் 11-ஆம் தேதி, தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்டுக் கூடியவர்கள்மேல் மார்த்தாண்டத்திலும் இங்கேயும் போலீஸ் சுட்டது. ஆட்கள் செத்தார்கள். விளவங்கோடு உள்பட நான்கு தாலுகாக்கள் சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் அது நடந்தது. என் அப்பா அன்று கடைவீதியில் இருந்தார். அடுத்த இரண்டு இரவுகள் எங்கள் வீட்டு நெல்லுப் பத்தாயத்துக்குள் கிடந்தார். பலாப்பலகையில் செய்த பத்தாயம். கிதார்கள் செய்தது அந்தப் பலகையில்தான்.

உடனே ஒன்று சொல்லிவிட வேண்டும். மரம் எதையும் கேட்பதில்லை, நினைவு வைத்துக்கொள்வதும் இல்லை. முப்பது வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். 1831-இல் ஃபாரடே கண்டதுதான் மின்கிதார்: காந்தத்தின் அருகில் எஃகுத் தந்தி அசைந்தால், காந்தத்தைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அந்தச் சுருளைப் பிக்கப் என்கிறார்கள். பழைய டோன் என்று மருமகன் சொன்னதில் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. தலைமயிர் கனமே உள்ள 42-ஆம் நம்பர்க் கம்பி, அல்நிகோ காந்தம், எட்டாயிரத்தை ஒட்டிய சுற்றுகள். தையல் மெஷின் மோட்டாரை வைத்து நானே சுற்றினேன். முதல் சுருளில் பேராசையால் பத்தாயிரம் சுற்றிவிட்டேன். சத்தம் கூடியது, ஆனால் மேல் ஸ்தாயியின் கூர்மை போய், வாயில் துணி வைத்துப் பேசியது மாதிரி ஆயிற்று. சுற்றுகளைக் குறைக்கக் குறைக்க நாதம் தெளிந்தது.

சத்தத்தை நான் சுருளில் தேடிக்கொண்டிருக்க, மரவேலை செய்தவர் கையில் தேடினார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் சார். அவர் அப்பா திருவனந்தபுரத்தில் வீணை பழுதுபார்த்தவர். 1954 கிதாரின் கழுத்து குறுக்குவாட்டில் நன்றாக வளைந்தது, ஏழேகால் அங்குல ஆரமுள்ள வட்டத்தின் துண்டு. மேல் மெட்டுகளில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அது அடுத்த மெட்டில் இடித்து, சுரம் செத்துவிடும். ஆரத்தைப் பன்னிரண்டு அங்குலமாக்கிப் பலகையைத் தட்டையாக்குவதும், மெட்டை உயர்த்துவதும் இன்றைய வழக்கம். மருமகன் படம் போட்டு விளக்கினான். அண்ணன் பார்த்துவிட்டு, “இது வீணைக்க வழியாக்கும் சாரே” என்றார்.

எனக்கு அது ஒரு அடி. வீணையில் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் உயரமாக, வளைவில்லாமல் நிற்கின்றன. ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இரண்டு மூன்று சுரம் மேலே போவது நமக்கு அன்றாடம். எழுபதுகளில் சக்தி குழுவில் ஜான் மெக்லாஃப்லின் வாசித்த கிதாரில், வீணைக்காரனின் விரலுக்குக் கிடைக்கும் இடம் வேண்டும் என்பதற்காக மெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குழித்திருந்தார்கள். எட்டுத் தந்தி மேண்டலினை ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கி, மின்சாரத்தில் கமகம் பேசவைத்தார் யு. ஸ்ரீநிவாஸ். ஆக, நாங்கள் புதிது என்று இறக்குமதி செய்ய நினைத்தது எங்கள் பக்கத்து வீட்டுப் பழசு. பழசு என்று போற்றியது இன்னொருவன் ஊரின் புதிசு.

அளவுகள் விரைவாகவே முடிந்தன. தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். மிஞ்சிய நீளத்தை ஒவ்வொரு தடவையும் 17.817-ஆல் வகுத்துக்கொண்டே போனால் மெட்டுகளின் இடம் கிடைக்கும், முதலாவது 36.4-இல், பன்னிரண்டாவது சரிபாதியில். விரல்பலகைக்குப் பாட்டியின் ஈட்டிக் கட்டில்சட்டம். ராஜா காலத்தில் ஈட்டி ராஜமரம், வெட்டினால் குற்றம். பலா கனம் அதிகம் என்பதால் இரண்டு பலகைகளை ஒட்டுமுன் அடிப்பலகையை உள்ளே குடைந்தார் அண்ணன், வீணைக் குடம்போல.

தகராறு வந்தது பத்தாயத்தின் மூடிப்பலகையில். அதன் உட்புறம் அப்பா கரியால் கிழித்த கோடுகள் இருந்தன. கோட்டை நெல்லுக்கு ஒரு கோடு, ஐந்தாவது குறுக்கே. இழைக்காமல் அப்படியே மெருகு போட்டுவிடலாம் என்றான் மருமகன். பார்ப்பதற்குப் பழசாக இருக்கும். பெரிய கம்பெனிகள் புதுக் கிதாரைச் சுரண்டி, வியர்வைக் கறை வரைந்து, பழசாக்கி அதிக விலைக்கு விற்பதைக் காட்டினான். நான் மறுத்தேன். நம் கவிதைகளில் இதைப் போதுமான அளவுக்குப் பார்த்தாகிவிட்டது. நேற்று எழுதிய வரியில் இரண்டு சங்கச் சொல்லைத் தேய்த்துவிட்டால் தொனி வந்துவிடும் என்ற நம்பிக்கை. தேய்மானம் ஒரு கை பட்டுப்பட்டு வருவது. அதை முன்கூட்டியே வரைவது மோசடி.

இது என் கட்சி. ஆனால் அந்தக் கோடுகள் யாரும் வரைந்த தேய்மானம் அல்லவே. அவை உண்மையிலேயே அப்பாவின் கை. கொள்கையில் நான் சரி. பலகைக்கு முன்னால் நின்றபோது சரி என்று தோன்றவில்லை. இரண்டு நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது அண்ணன் இழைப்புளியைப் போட்டுவிட்டிருந்தார். சுருள் சுருளாகத் தரையில் கிடந்தது. கறுத்த பலகைக்கடியில் மரம் மஞ்சளாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தவர், “நெல்லுக்க கணக்கு எல்லாம் அப்பவே தீர்ந்தாச்சுல்லா சாரே” என்றார். கோபப்பட முடியவில்லை. அந்தச் சுருள்களில் கரி பட்டவற்றைப் பொறுக்கி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். இதற்கு நியாயம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

நான்கு கிதார்கள் போய்விட்டன. ஐந்தாவது, மூடிப்பலகையில் செய்தது, என்னிடம். எனக்கு வாசிக்கத் தெரியாது. சென்ற கிறிஸ்துமஸுக்கு மருமகன் வந்து வாசித்தான். அவன் கேட்ட நாதம் வந்திருக்கிறது என்றான். அவன் தந்தியை அமர்த்தியதும் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்டது. ஒற்றைச் சுருள் வீட்டு மின்சாரத்தையும் இழுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் அது வினாடிக்கு 60 அதிர்வு, இங்கே 50. ஜி சுரத்தைத் தொட்டு நிற்பது. அமெரிக்கப் பழைய நாதத்தில் இந்தச் சுரம் இருந்திருக்க முடியாது. சிறுவயதில் தேவாலயத்தில் பாட்டு தொடங்குமுன் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது இதுதான்.

நடுச்சுருளை எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருக்கிறேன். இரண்டு சுருள்களும் சேர்ந்து பேசும் இடத்துக்கு சுவிட்சைத் தள்ளினால் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும்.

“சுவிட்சைத் தள்ளுங்க மாமா” என்றான்.

“இருக்கட்டும், கொஞ்ச நேரம்” என்றேன்.