முடுக்கிவிட்ட கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராஸஸருக்குத் தொழிற்சாலையிலேயே ஒரு வேகத்தை நிர்ணயித்து, அதன் மேல் அச்சிட்டு அனுப்புகிறார்கள். அந்த வேகத்துக்கு மேல் அதை ஓட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். இதைப் புதிதாகப் பயில்கிறவர்களுக்குக் கதை எழுதுகிறவன் புத்தி சொல்லப் புறப்படுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் இந்த வித்தைக்கு ஓர் அத்தியாயத்தைப் பறிகொடுத்தவன் என்ற ஹோதாவில் இரண்டு வார்த்தை பேச எனக்குப் பாத்தியதை உண்டு.

1999-ஆம் வருஷம், தை மாதம். என் தமக்கை மகன் சேகர் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரில் ஒரு தொடர்கதை எழுதிக் கொண்டிருந்தேன். அதற்குள் இருந்தது இன்டெல் கம்பெனியார் 1998 ஆகஸ்டில் வெளியிட்ட செலரான் 300ஏ. அதே மாதம் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-க்கு நாலு மடங்குக்கு மேல் விலை. என் சம்பாத்தியத்துக்கு அது கட்டாது. "மந்தமாக இருக்கிறதடா" என்று ஒரு நாள் முணுமுணுத்தேன். மறுநாள் திரையில் 450 என்று வந்தது!

"கணக்குத்தான் மாமா" என்றான் சேகர். "மதர்போர்டின் துடிப்பு 66. பிராஸஸர் அதை நாலரையால் பெருக்கிக் கொள்கிறது, 300 வருகிறது. அந்த நாலரையைத் தொட முடியாதபடி பூட்டிவிட்டார்கள். ஆனால் துடிப்பை 100 ஆக்கினால்? 450! உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை."

இதில் மோசடி ஒன்றும் இல்லை. ஒரே சிலிக்கன் வட்டிலிருந்து அறுத்த துண்டுகளில் ஒன்று அதிகம் தாங்கும், ஒன்று குறைவாகத் தாங்கும். எந்த ஊர் வெயிலிலும் பிழையில்லாமல் ஓட வேண்டுமே என்று கம்பெனியார் கொஞ்சம் இடம் விட்டுத்தான் எண்ணை அச்சிடுகிறார்கள். அந்த மிச்ச இடத்தில் போய்க் குடியேறுவதுதான் ஓவர்கிளாக்கிங்.

தையில் குடியேறினோம். சித்திரை வந்தது. ஏ.ஸி. இல்லாத என் அறையில் மின்விசிறி வெந்நீர்க் காற்றாக வீசிற்று. ஒரு நாள் பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தேன். முதல் நாலு பக்கம் கதை. அப்புறம் ஏதோ கிறுக்கல். யந்திரம் நின்று போகவில்லை, எச்சரிக்கை எதுவும் காட்டவில்லை. சாதுவாகத் தப்புக் கணக்குப் போட்டு, தப்பையே பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தது. பிளாப்பியில் எடுத்து வைத்த நகலிலும் அதே கிறுக்கல்! மறுநாள் காலை பத்திரிகை ஆபீஸ் ஆள் வந்து நிற்பான்.

சேகரைக் கூப்பிட்டு, சொல்லக் கூடாததைச் சொன்னேன். அவன் பரீட்சையில் இரண்டு தடவை தவறியவன். "உன்னைப் பற்றி உன் அப்பா சொல்வது சரிதான்" என்றேன். அவன் பதில் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றிரவு பேனாவை எடுத்து அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். மூன்று வாரம் அவன் வரவில்லை.

நானே போய்த்தான் அழைத்து வந்தேன். பெட்டியைத் திறந்ததும் பிராஸஸரின் விசிறியில் பஞ்சுமெத்தை போல் தூசி. "ஒன்று சொல்லவில்லை மாமா" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "450-ல் தடுமாறிற்று என்று 2 வோல்ட்டை 2.2 ஆக்கியிருந்தேன்." வேகம் ஒன்றரை மடங்கு. வோல்ட் ஏறினால் உஷ்ணம் அதன் வர்க்கமாக ஏறும். இரண்டும் சேர்ந்து சுமார் 1.8 மடங்கு!

"நடுவாக 83 வைத்தால் என்னடா?" என்று கேட்டேன்.

"அதுதான் மோசம். 100 வைத்தால் ஹார்ட் டிஸ்க் பக்கம் போகிற துடிப்பு மூன்றில் ஒன்றாகி 33-லேயே நிற்கும். இந்தப் போர்டில் 83 வைத்தால் அது பாதியாகி 41-க்கு ஏறிவிடும். டிஸ்க் தாங்காது."

தூசி தட்டி, வோல்ட்டை இறக்கி, பிரைம்95 என்ற புரோகிராமை ஓடவிட்டான். விடை முன்பே தெரிந்த பெரிய பெரிய கணக்குகளைக் கொடுத்து, யந்திரம் எங்கே பிசகுகிறது என்று பார்க்கிற பரீட்சகர் அது. தையிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். சித்திரையிலும் ஒரு தடவை. நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்து விசிறிச் சத்தத்தைக் கேட்டுக் கொண்டிருந்தோம். பின்னிரவு மூன்று மணிக்குப் பிழை என்று காட்டி நின்றது. சேகர் எழுந்து போய், பேசாமல் துடிப்பை 66-க்கு இறக்கினான்.

இப்போது வரும் இன்டெல் பிராஸஸர்களில், பெயரில் 'கே' என்ற எழுத்து உள்ளவற்றுக்குப் பெருக்கும் எண்ணே திறந்திருக்கிறது. நூறு நூறாக ஏற்றிப் பார்க்கலாம். மிஞ்சிச் சுட்டால் அவை தாமே வேகத்தைக் குறைத்துக் கொள்கின்றன. தொழிற்சாலையிலேயே முடுக்கி அனுப்புவதால் மிச்ச இடமும் குறைந்துவிட்டது. சத்தமில்லாமல் தப்புக் கணக்குப் போடும் குணம் மட்டும் போகவில்லை. ஆகையால் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், பிறகு ஓர் இரவு பரீட்சை. வோல்ட்டில் கை வைப்பது கடைசியில்தான். எழுதினதற்கு நகல், முடுக்குவதற்கு முன்னாலேயே எடுத்து வேறிடத்தில் இருக்கட்டும்.

அந்த வருஷம் மார்கழியில் ஒரு நாள் காலை, நான் காப்பி குடித்துக் கொண்டிருக்கையில், சேகர் ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். "குளிர் வந்துவிட்டதே மாமா, 100 வைக்கட்டுமா?" என்றான்.

"முதலில் நகல் எடு" என்றேன்.