'கடன்' என்று தட்டியது நான்தான்

பி.காம். படிக்கிறவனுக்கு மென்பொருள் மொழிபெயர்ப்பில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அப்பாவின் மளிகைக் கடைக் கணக்கைக் குனுகேஷ் மென்பொருளில் ஏற்றும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன் :-)

வீட்டில் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் ஆங்கிலம் வராது. நாமே தமிழாக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மெனு, பொத்தான் வாசகங்களெல்லாம் தனிக் கோப்பில் இருக்கும், நிரலைத் தொடவே வேண்டாம். 1995-இல் வந்த குனு கெட்டெக்ஸ்ட் முறை இது. பிஓ என்ற சாதாரண உரைக்கோப்பில் மேல் வரி ஆங்கிலம், கீழ் வரி நம் மொழி. முடித்ததும் ஒரு கருவி அதை எம்ஓ கோப்பாக மாற்றித் தரும். மென்பொருள் படிப்பது அதைத்தான். நாம் மொழிபெயர்க்காமல் விட்டது ஆங்கிலத்திலேயே தெரியும்.

'கிரெடிட் கார்டு' வந்தது. 'கடன் அட்டை' என்று போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வெறும் 'கிரெடிட்' வந்தது. அதே வேகத்தில் 'கடன்' என்று தட்டிவிட்டேன். மூன்று வருஷமாகப் பற்று, வரவு என்று பரீட்சை எழுதுகிற ஆள்! ஒரே வாசகம் நூறு இடத்தில் வந்தாலும், சூழல் குறிப்பு தனியாக இல்லையென்றால் பிஓ கோப்பில் அதற்கு ஒரே மொழிபெயர்ப்புதான். பேரேட்டில் 'வரவு' நிற்கவேண்டிய பத்தியின் தலையிலும் 'கடன்' ஏறிக்கொண்டது.

பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் 1,200 ரூபாய் பாக்கி வைத்திருந்தார். ஒரு நாள் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். கடையில் அம்மா மட்டும் இருந்தார். திரையில் இரண்டு பத்தி: பற்று, கடன். கடனை அடைத்தவர் பணத்தை யாராவது 'கடன்' பத்தியில் எழுதுவார்களா? அம்மா பற்றில் எழுதினார். பாக்கி 2,400 ஆகிவிட்டது. மாதக் கடைசியில் அப்பா நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். பெரியவர் எதுவும் பேசவில்லை. எடுத்த சாமானைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு ஒரே ஒரு வரியைத் திருத்தி எம்ஓ கோப்பை மறுபடி உருவாக்கினேன். தலைப்பு 'வரவு' ஆனது. பாக்கி மட்டும் 2,400-லேயே நின்றது. அப்போதுதான் புரிந்தது. திரைச்சொல் எம்ஓ கோப்பில் இருக்கிறது. பற்று, வரவு என்ற முறையான தலைப்புகளைக் காட்டு என்று நான் வைத்த அமைப்பு, லினக்ஸில் டிகான்ஃப் என்ற வேறொரு இடத்தில் இருக்கிறது. தொகையோ கணக்குக் கோப்பில். ஒன்றை மாற்றினால் மற்றது அசையாது. அப்படிப் பிரித்து வைத்திருப்பதால்தான் மொழியை மாற்றினாலும் கணக்கு கெடுவதில்லை. ஆனால் தப்பான சொல்லை நம்பி மனுஷர் எழுதிய பதிவை எந்தக் கோப்பும் தானாகத் திருத்தாது. அந்த 1,200-ஐ நான்தான் கையால் வரவுப் பத்திக்கு மாற்றினேன்.

மறுநாள் பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டது அப்பா. நான் பின்னால் நின்றேன். "கம்ப்யூட்டர் தப்பாக் காட்டிடுச்சுங்க" என்றார் அப்பா. கம்ப்யூட்டர் நான் எழுதியதைத்தான் காட்டியது.

நீங்களும் எப்போதாவது மொழிபெயர்க்க உட்கார்ந்தால், அந்தச் சொல் திரையில் எங்கே வந்து நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.