வேலை செய்யுது அக்கா

"வேலை செய்யுது அக்கா." எனக்கு வரும் பதிவுகளில் பாதிக்கு மேல் இவ்வளவுதான் இருக்கும். எது வேலை செய்யுது, எந்தச் சிஸ்டத்தில, யார் போட்டுப் பார்த்தது என்று ஒன்றும் இருக்காது. சில பேர் "அண்ணே" என்று ஆரம்பிப்பாங்க. கம்ப்யூட்டர் லிஸ்ட் பார்க்கிறது ஒரு பொம்பளைப் பிள்ளையா இருக்கும்னு அவங்களுக்குத் தோணாது. அதைத் திருத்தப் போனால் அன்றைய வேலை கெட்டுவிடும், நான் விட்டுவிடுவேன்.

லிஸ்ட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. விண்டோஸ் 10க்குக் கொடுத்து வந்த இலவச ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஓடு மைக்ரோசொஃப்ட் நிறுத்தப்போகிறது என்று தெரிந்தபோது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் மெஷின்கள் பலவற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. லயத்தில் ஒரு லெப்டொப் இருந்தால் அது பெரும்பாலும் யாரோ பாவித்து விற்றதுதான். விண்டோஸ் 11 அதில் ஏறாது. லினக்ஸ் ஏறும். ஆனால் ஏறிய பிறகு வைஃபை எடுக்குமா, சவுண்ட் வருமா, பிரிண்டர் அசையுமா? இறக்குவானை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று நாலு பக்கத்துக் கூட்டாளிகள் சேர்ந்து, தெரிந்ததை ஒரு பட்டியலாகப் போட ஆரம்பித்தோம். வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்து, கேட்டு, சரிபார்த்துப் பட்டியலில் ஏற்றுவது என் பங்கு.

உலக அளவில் இந்த வேலையை ஏற்கெனவே செய்கிறார்கள். ஆந்த்ரே பொனமரென்கோ தொடங்கிய லினக்ஸ்-ஹார்ட்வேர் தளத்துக்கு எச்டபிள்யூ-புரோப் என்றொரு கருவி உண்டு. அதை ஓட்டினால் மெஷினுக்குள் இருக்கும் பாகங்களை அதுவே கணக்கெடுத்து அனுப்பிவிடும். சீரியல் இலக்கங்களையும் மெக் முகவரிகளையும் அப்படியே அனுப்பாது, திருப்பி எடுக்க முடியாத ஹேஷாக மாற்றித்தான் அனுப்பும். எச்-நோட் என்று இன்னொன்று இருக்கிறது. முழுக்கச் சுதந்திர மென்பொருளால் ஆன ஒரு சிஸ்டத்தில் எந்தப் பாகம் ஓடும் என்பது மட்டுமே அவர்கள் கேள்வி. இரண்டையும் தினமும் பார்க்கிறேன். இரண்டும் ஆங்கிலத்தில் இருப்பது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை ஒன்று இருப்பது வேலை செய்யச் செய்யத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு வைஃபை குச்சியின் கதை. டிபி-லிங்க் 722என், யுஎஸ்பியில் குத்துவது, ஒரு அன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும். இறக்குவானைப் பக்கமிருந்து ஒரு தம்பி "குத்தின உடனே எடுத்துச்சு" என்று அனுப்பினான். அதே வாரம் தெரணியகலையிலிருந்து ஒரு தங்கச்சி: "சல்லி வீண், ஒண்ணுமே வரல." ஒரே பெயர், இரண்டு பதில். இந்த மாதிரி நேரத்தில் கை துறுதுறுக்கும், யாரோ ஒருவர் பிழையாகப் பார்த்திருக்கிறார் என்று ஒன்றை அழித்துவிட. அழிக்கக் கூடாது. இரண்டும் உண்மைதான். அந்தக் குச்சியின் முதல் வேர்ஷனுக்குள் இருப்பது அதெரொஸ் 9271 சிப். அதன் ஃபேர்ம்வேரின் மூலநிரல் 2013இல் திறந்துவிடப்பட்டது, அதனால் எச்-நோட் ஆட்களுக்கும் அது செல்லப்பிள்ளை. இரண்டாம் வேர்ஷனுக்குள் ரியல்டெக் 8188 வகைச் சிப். அதற்கு மூலநிரல் திறக்காத ஃபேர்ம்வேர் ஒன்று தேவை. தங்கச்சி போட்டிருந்தது டெபியன் 11. அந்தக் காலத்து டெபியன் நிறுவியில் அப்படிப்பட்ட ஃபேர்ம்வேரைச் சேர்க்க மாட்டார்கள், 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்துதான் சேர்த்தார்கள். பெட்டியின் மேலே பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் இதில் எதையுமே சொல்லாது. குச்சியின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் வேர்ஷன் இருக்கும், அதுதான் சொல்லும்.

இதைத் தோட்டத்துக்காரருக்கு விளங்கப்படுத்துவது லேசு. மேல்கணக்கு, கீழ்கணக்கு இரண்டுக்கும் தோட்டத்தின் பெயர் ஒன்றுதான். மேல்கணக்கு ஆளுக்கு வந்த கடிதத்தைத் தோட்டத்துப் பெயர் மட்டும் எழுதி அனுப்பினால் அது எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டோம்: டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி அல்லது எல்எஸ்பிசிஐ அடித்தால் வரும் அடையாள இலக்கம் இல்லாத பதிவை ஏற்றுவதில்லை. கர்னல் இலக்கமும் வேண்டும். பட்டியல் சுத்தமானது, பார்க்க அழகாகவும் இருந்தது. ஆனால் பதிவுகள் குறைந்தன. குறைந்தது யாருடையது என்று பார்த்தேன். டவுன் பக்கம் இருப்பவர்கள், கெம்பஸ் போனவர்கள், டெர்மினலுக்குப் பழகியவர்கள் தொடர்ந்து அனுப்பினார்கள். சத்தமில்லாமல் நின்றுபோனவர்கள் மற்றவர்கள்.

நான் சொன்ன பெரிய தடை இங்கேதான் இருக்கிறது. வைஃபை எடுக்காத மெஷின் தன் வைஃபை எடுக்கவில்லை என்று எப்படி அறிவிக்கும்? எச்டபிள்யூ-புரோப் போன்ற கருவி அனுப்புவதற்கும் இணையம் வேண்டுமே. இணையம் இல்லாவிட்டால் கோப்பாகச் சேமித்துப் பிறகு அனுப்பும் வழியும் அதில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் லினக்ஸ் போட்டு ஒன்றும் வராமல் நொந்துபோன ஒரு பிள்ளை, அந்தக் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போய் அனுப்பும் என்று எதிர்பார்க்கலாமா? அது லெப்டொப்பை மூடி அலுமாரிக்கு மேல் வைத்துவிடும். ஆகவே எந்தப் பட்டியலிலும் "வேலை செய்யுது" கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பட்டியலைச் சரிபார்க்கிறவருக்கு வந்த பதிவைப் பார்க்கும் கண் மட்டும் போதாது, வராத பதிவைத் தேடிப் போகவும் வேண்டும் என்பது என் கட்சி. கூட்டாளிகள் எல்லாரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப நீயே எல்லாருக்கும் கோல் எடு" என்றார்கள்.

எடுக்கிறேன். இலக்கம் தெரியாவிட்டால் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். டெர்மினல் தெரியாவிட்டால் கோலில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்துத் திரையைப் போட்டோ எடுக்கச் சொல்கிறேன். போட்டோ வந்தால் இன்னொரு தலையிடி. சீரியல் இலக்கம், டொங்கிளின் ஐஎம்இஐ, விண்டோஸ் கீ, சில நேரம் பின்னால் சுவரில் மாட்டிய குடும்பப் படம்கூட அதில் இருக்கும். எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத் தேவையான இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தை அழித்துவிடுவேன்.

எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவன் போன மாதம் கேட்டான்: "அக்கா, 38,000க்கு ஒரு லெப்டொப் இருக்கு. லிஸ்டில வைஃபை ஓகேனு போட்டிருக்கு. வாங்கவா?" அவனுடைய அம்மா பால் வெட்டுக்குப் போகிறவர். மழை பெய்தால் வெட்டு இல்லை, அந்தப் பக்கத்தில் மழைக்குக் குறைவும் இல்லை. நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாய்க்குக் கொண்டுவரவே 2021 வரை இழுபட்ட மக்கள் நாங்கள். ஒரு கட்டத்தில் நான் போடும் 'ஓகே' அந்த வீட்டில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலே போகிற தீர்மானம்.

அந்த மொடலுக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பதிவு, அதுவும் உபுண்டு போட்டவருடையது. "காசு கொடுக்க முந்தி பென்டிரைவில லினக்ஸைக் கொண்டுபோய் அங்கயே போட்டுப் பாரு. வைஃபை, சவுண்ட், கேமரா, மூடித் திறந்தா முழிக்குதா, நாலையும் பாரு" என்றேன். விற்கிறவர் முகம் சுளித்தாராம், ஆனாலும் விட்டாராம். தம்பி கொண்டுபோனது டெபியன் 12. வைஃபை வரவில்லை. எல்எஸ்பிசிஐ படத்தில் புரொட்கொம் 43142. அந்தச் சிப்புக்கு ஃபேர்ம்வேர் மட்டும் போதாது, மூடிய டிரைவர் ஒன்றையே தனியாகப் போட வேண்டும். டெபியன் நிறுவியில் அது வராது. சுருக்கமாகச் சொன்னால், வைஃபை வர முதலில் இணையம் வேண்டும்.

இதை 'ஓகே' என்று போடுவதா, 'இல்லை' என்று போடுவதா? டேட்டாவும் போன் வயரும் இருக்கிறவனுக்கு ஓகே. இல்லாதவனுக்கு இல்லை. அன்று பட்டியலில் மூன்றாவது நிரல் ஒன்று போட்டேன்: 'எடுக்கும், ஆனால் முதலில் வேறு வழியில் இணையம் வேண்டும்.' பழைய 'ஓகே' பதிவுகளைக் கொடுத்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு, எதெது இந்த நிரலுக்குப் போக வேண்டும் என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை.

விற்கிறவரிடம் 3,000 குறைத்துக்கொண்டு தம்பி அதை வாங்கிவிட்டான். போனைக் கேபிளில் மாட்டி டிரைவரை இறக்கினான். இரண்டு நாள் கழித்து அவனுடைய பதிவு வந்தது: சிப்பின் இலக்கம், கர்னல் இலக்கம், டிரைவரின் பெயர், சவுண்ட் ஓகே, மூடித் திறந்தால் முழிக்குது. கேமரா நிரல் வெறுமையாக இருந்தது. கேட்டேன். "அதில அம்மா வெத்தில சுண்ணாம்பு பட்டிருச்சுக்கா, தொடச்சிட்டுப் பார்த்துச் சொல்றேன்" என்றான்.

'கேமரா: இன்னும் பார்க்கவில்லை' என்று போட்டு ஏற்றிவிட்டேன்.